ஜோ போனமாசாவை முதன்முறை நேரில் கேட்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பவை

லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஜோ போனமாசாவின் கிட்டாரைக் கேட்க முதல்முறை நான் தனியாகத்தான் போனேன். திரும்பி வந்து வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசியதன் பலன், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் யாராவது கூட வருகிறார்கள். மைத்துனர் வந்தார், அலுவலக நண்பர் வந்தார், மிருதங்கம் படித்த சித்தப்பா வந்தார், நண்பரின் மகளும் வந்தாள். கிளம்புவதற்கு முன் எல்லாரும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகள். வாட்ஸப்பில் தனித்தனியாகத் தட்டி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே.

யாருங்க இவர்? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே!

நியூயார்க் மாநிலத்து நியூ ஹார்ட்ஃபோர்டில் 1977-இல் பிறந்த அமெரிக்க ப்ளூஸ் ராக் கிட்டார் கலைஞர், பாடகர். அப்பா அம்மா கிட்டார் கடை வைத்திருந்தார்கள். நாலு வயதில் கையில் கிட்டார். பதினோரு வயதில் டேனி கேட்டன் என்ற அசாத்தியமான கிட்டார் கலைஞரிடம் பழகினார். பன்னிரண்டு வயதில் ப்ளூஸ் மேதை பி.பி. கிங்கின் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் மேடையேறி வாசித்தார். முதல் தனி ஆல்பம் 2000-இல் வந்தது.

சினிமாப் பாட்டு, வானொலி வெற்றி என்று எதுவும் இல்லாமல், ஊர் ஊராகப் போய் வாசித்தே ஆள் சேர்த்தவர். நீங்கள் பெயர் கேள்விப்படாததில் ஆச்சரியமில்லை. 2009 மே 4 அன்று ஆல்பர்ட் ஹாலில் முதல்முறை வாசித்தபோது இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடைக்கு வந்து கூட ஒரு பாட்டு வாசித்தார். அந்த ராத்திரிக்குப் பிறகுதான் பெரிய அரங்குகள் இவருக்கு வழக்கமாயின.

ப்ளூஸ்னா சோகப் பாட்டுன்னு தெரியும். ப்ளூஸ் ராக்னா என்ன, சத்தமான சோகமா?

கிண்டலாகக் கேட்டாலும் பாதி சரி. ப்ளூஸ் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடம் பிறந்தது. மிசிசிப்பி டெல்டாவில் ஒற்றை ஆள், ஒற்றை கிட்டார். வேலை தேடி லட்சக்கணக்கானவர்கள் வடக்கே போனபோது பாட்டும் கூடவே போனது. டெல்டாவில் பாடிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் 1943-இல் சிகாகோ போனார். அங்கே இரைச்சலான மதுக்கடைகளில் சாதா கிட்டார் யார் காதிலும் விழாது. மின்சாரக் கிட்டாரை எடுத்தார்கள், டிரம்ஸ் சேர்ந்தது.

அந்த இசைத்தட்டுகள் கப்பலில் இங்கிலாந்து வந்தன. அறுபதுகளில் இங்கிருந்த பையன்கள் அதைக் கேட்டுப் பைத்தியமாகி, கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரை (சுருக்கமாக ஆம்ப்) இன்னும் கூட்டிவைத்து, சோலோ எனப்படும் கிட்டார் தனிவாசிப்புகளை நீட்டி வாசித்தார்கள். 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவில் கிளாப்டன் வாசித்த ஆல்பம் அதற்கு ஒரு மைல்கல். போனமாசா ப்ளூஸுக்குள் வந்ததே இந்த இங்கிலாந்து வாசல் வழியாகத்தான் என்று அவரே சொல்வார். ஒரு சுற்றுப்பயணம் முழுக்கவே கிளாப்டன், ஜெஃப் பெக், ஜிம்மி பேஜ் ஆகிய இங்கிலாந்து கிட்டார் கலைஞர்களின் காலத்துப் பாட்டுகளுக்கென்று வைத்தார்.

ஒரு பாட்டுகூடத் தெரியாதே. போரடிக்காதா?

தோடிக்கும் பைரவிக்கும் வித்தியாசம் தெரியாமல் கச்சேரிக்குப் போய் லயித்து உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். இங்கேயும் அப்படித்தான். ஆனாலும் முதல் நாள் ராத்திரி மூன்று பாட்டு மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்: ‘ஸ்லோ ஜின்’, ‘மவுண்டன் டைம்’, ‘தி பேலட் ஆஃப் ஜான் ஹென்றி’. மூன்றையும் வாசிப்பார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. பயணத்துக்குப் பயணம் பட்டியல் மாறும். அவருடைய குரலும் நடையும் காதுக்குப் பழகிவிடும், அதற்குத்தான் இது.

இருபது ஆல்பத்தையும் கேட்டுத் தேர்வுக்குப் படிப்பது போல் தயாராக வேண்டாம். என் மைத்துனர் அப்படிச் செய்தார். அரங்கில் ஒவ்வொரு பாட்டுக்கும் “இது அந்த ஆல்பத்துல வேற மாதிரி இருக்கும்” என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டிக்கெட் விலை பார்த்தீங்களா? இவ்வளவு கொடுத்தா முன்வரிசைதானே வாங்கணும்?

விலை அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் முன்வரிசை வேண்டாம். அங்கே உங்கள் காதுக்கு நேராக வருவது மேடையில் இருக்கும் ஆம்ப்களின் சத்தம். பாட்டுக்குரல் வரும் பெரிய ஒலிபெருக்கிகள் பக்கவாட்டிலும் மேலேயும் இருக்கும். கிட்டார் ஆம்பிலிருந்து சத்தம் டார்ச் வெளிச்சம் போல நேர்கோட்டில் பாயும். அதைத் தடுக்கத்தான் போனமாசா தன் ஆம்ப்களுக்கு முன்னால் கண்ணாடி மாதிரியான ஒளி ஊடுருவும் பலகைகளை வைத்திருப்பார். மேடையில் அது எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

ஆல்பர்ட் ஹால் 1871-இல் திறந்த வட்டக் கட்டடம், ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். இங்கே ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்கலாம் என்று பழைய நக்கல் உண்டு, எதிரொலி அவ்வளவு. கூரையிலிருந்து காளான் மாதிரி தொங்குகிற வட்டுகள் அந்த எதிரொலியைக் கட்டுப்படுத்த 1969-இல் போட்டவை. என் அனுபவத்தில் மேடைக்கு எதிரே, ஒலிக்கலவை செய்பவர் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அல்லது மேலே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்த மனிதர் தன் காதுக்கு நன்றாக இருக்கும்படிதானே கலக்குவார்! மேடைக்குப் பின்பக்க இருக்கைகள் மலிவு. கலைஞரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள், ஆனால் டிரம்ஸ்காரரின் கைகள் அற்புதமாகத் தெரியும். சித்தப்பா அந்த இடத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுவிற்பனையில் இரண்டு மடங்கு கொடுத்து வாங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கிய டிக்கெட் வாசலில் செல்லவில்லை. அரங்கத்தின் இணையதளத்திலேயே கடைசி வாரத்தில் அடிக்கடி பாருங்கள், ஒற்றை இருக்கைகள் திரும்பி வரும்.

எத்தனை மணிக்குப் போகணும்? ராக் ஆளுங்க எப்பவும் லேட்டாதானே வருவாங்க?

இவர் அப்படியல்ல. பெரும்பாலும் இவர் நிகழ்ச்சியில் முன்னால் வாசிக்க வேறு குழு கிடையாது. டிக்கெட்டில் போட்ட நேரத்தை ஒட்டியே கோட்டு சூட்டு, கறுப்புக் கண்ணாடியோடு வந்து நிற்பார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். சௌத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை, பை சோதனைக்கு இன்னொரு கால் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

உடை எதுவானாலும் சரி. வந்திருப்பவர்களில் பாதிப்பேர் ரிட்டயரானவர்கள். தோல் ஜாக்கெட் தேடி அலைய வேண்டாம்.

காது போயிடுமோன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் சொல்லும் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். அப்படிப் போனால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். ராக் நிகழ்ச்சி 100-ஐத் தொடுவது சாதாரணம், நீங்கள் இருக்கப்போவதோ இரண்டு மணி நேரம்.

இசைக்காகவே செய்த காதடைப்பான்கள் கிடைக்கின்றன. பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் மந்தமாக்காமல், மொத்தச் சத்தத்தையும் சீராகக் குறைக்கும். இருபது பவுண்டு செலவு. முதல் பாட்டுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். காது இரைய ஆரம்பித்தபின் போடுவது மழையில் நனைந்தபின் குடை விரிப்பது மாதிரி. குழந்தைகளைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் காதை முழுக்க மூடுகிற ஹெட்ஃபோன் வகை வேண்டும், வயது விதியையும் அரங்கத்திடம் கேட்டுவிடுங்கள்.

விரல் ஓடுற வேகத்துல எனக்கு ஒண்ணும் புரியாது. எதைத்தான் பார்க்கணும்?

வேகத்தைப் பார்க்காதீர்கள். அது தானாகக் கண்ணில் படும். இடது கையைப் பாருங்கள், அதுவும் அவர் ஒரே ஒரு சுரத்தில் நிற்கும்போது. வீணையில் தந்தியை இழுத்து மேல் சுரத்தைத் தொடுவது போலத்தான் இங்கேயும். விரல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளும், சுரம் மேலே ஏறும், ஏறி நின்ற இடத்தில் அசையும். ப்ளூஸின் உயிரே ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது. நம் கணக்கில் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே உள்ள சந்து அது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. கிட்டார் தந்தியைக் கொஞ்சம் தள்ளினால் அங்கே போய்விடலாம். சித்தப்பா முதல் பாட்டிலேயே “இவன் கமகம்டா!” என்றார். கொஞ்சம் அதிகப்படியான பாராட்டுதான், ஆனால் கேட்டது சரியான இடத்தை.

அடுத்து வலது கையின் சுண்டுவிரல். கிட்டாரின் உடலில் சின்னக் குமிழ்கள் இருக்கும். அதில் வால்யூம் குமிழைப் பாட்டின் நடுவே திருகிக்கொண்டே இருப்பார். ஆம்ப் முழு வேகத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், கிட்டாரில் குமிழைக் குறைத்தால் அந்தக் கரகரப்பு மறைந்து மணி அடித்த மாதிரி தெளிவாக ஒலிக்கும். கூட்டினால் மறுபடி உறுமும். காலால் மிதிக்கும் பெட்டிகள் கீழே இருந்தாலும் பாதி வேலை இந்தக் குமிழில்தான் நடக்கிறது.

மூன்றாவதாக, சத்தம் இல்லாத இடம். மெதுவான ப்ளூஸ் ஒன்றில் குழு முழுக்கத் தணிந்து தணிந்து, ஒரு கட்டத்தில் ஆம்பின் மெல்லிய ‘ம்ம்’ மட்டும் மிஞ்சும். ஐயாயிரம் பேர் இருமாமல் இருக்கும் அந்த இருபது நொடிக்காகத்தான் நான் திரும்பத் திரும்பக் காசு கொடுக்கிறேன். முதல்முறை போன அன்று, அவர் கிட்டத்தட்டத் தொடாமலே ஒரு சுரத்தை வாசித்தார். வாசித்தாரா, நான் எதிர்பார்த்ததால் கேட்டதாக நினைத்தேனா என்று வீடு வரும்வரை சந்தேகம்.

மூணு பாட்டுக்கப்புறம் எல்லாம் ஒரே மாதிரி கேட்குதே?

ஏனென்றால் பலவும் ஒரே சட்டகம்தான். ப்ளூஸில் மிகப் பரவலானது பன்னிரண்டு பார் சுற்று. ஒரு பாருக்கு நாலு அடி, ஆக 48 அடி. ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம் போட்டால் சரியாக ஒரு சுற்று முடியும். முதல் நாலு பார் ஆதார சுரத்தின் கார்டு, அதாவது அந்தச் சுரத்தின் மேல் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. அடுத்த இரண்டு மத்யமத்தில், இரண்டு திரும்ப ஆதாரத்தில். பிறகு பஞ்சமம் ஒன்று, மத்யமம் ஒன்று, கடைசி இரண்டு பார் வீட்டுக்குத் திரும்பும்.

ஒரு பாட்டில் தொடையில் தட்டி எண்ணிப் பாருங்கள். ஒன்பதாவது பாரில் பஞ்சமம் வரும்போது உடம்பு தானாக நிமிரும். சட்டகம் தெரிந்துவிட்டால் அதற்குள் அவர் எங்கே சீக்கிரம் நுழைகிறார், எங்கே வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பது பிடிபடும். வெண்பாவுக்கும் இலக்கணம் ஒன்றே, எல்லா வெண்பாவும் ஒன்றா என்ன? போனமாசா பாட்டுகள் எல்லாமே இந்தச் சுற்றில் அமைந்தவையும் அல்ல. ‘ஸ்லோ ஜின்’ வேறு வார்ப்பு.

சோலோ எல்லாம் அங்கேயே தோணி வாசிக்கிறதா, மனப்பாடமா?

இரண்டும் கலந்தது. தொடங்கும் இடம், உச்சத்துக்கு ஏறும் இடம், குழு முழுக்கச் சேர்ந்து வெட்டி நிறுத்தும் இடம் ஆகியவை ஒத்திகை பார்த்தவை. இல்லாவிட்டால் அத்தனை பேர் ஒரே நொடியில் நிற்க முடியாது. நடுவில் இருப்பது அன்றைக்குத் தோன்றுவது, அதிலும் கைக்குப் பழகிய சொற்றொடர்கள் நிறைய வரும். கல்பனாஸ்வரம் பாடுகிறவர் கோர்வையை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு வருவதில்லையா, அந்த மாதிரி.

கண்டுபிடிக்க ஒரு வழி: கீபோர்டுக்காரரைப் பாருங்கள். இவரோடு பல ஆண்டுகள் வாசித்த ரீஸ் வைனன்ஸ், எண்பதுகளில் ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் குழுவில் இருந்தவர். கிட்டார் போகும் திசை புதிதாக இருந்தால் அவர் சட்டென்று தலையைத் தூக்கிச் சிரிப்பார்.

எதுக்கு பாட்டுக்குப் பாட்டு கிட்டார் மாத்துறார்? பந்தா தானே?

கொஞ்சம் பந்தாவும் உண்டு. வீட்டையே ‘நெர்ட்வில்’ என்று பெயர் வைத்து அருங்காட்சியகம் மாதிரி ஆக்கி, நூற்றுக்கணக்கான கிட்டார்களையும் ஆம்ப்களையும் அடுக்கியிருக்கும் மனிதர். ஆனால் காரணமும் இருக்கிறது. கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் இரட்டைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்). ஒரு சுருளின் இரைச்சலை மற்றது அடித்துவிடும், ஒலி தடிமனாக வரும். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் ஒற்றைச் சுருள், ஒலி மெல்லியது, கூர்மையானது. ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்தால் வேறு வேறு ஆள் பாடிய மாதிரி இருக்கும்.

1958 முதல் 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் அடர்ந்த நிறப்பூச்சு) லெஸ் பால்கள் மொத்தமே ஏறத்தாழ 1,500-தான். அன்று விற்பனை மந்தமானதால் நிறுத்தினார்கள், இன்று ஒன்றின் விலையில் வீடு வாங்கலாம். இவர் அவற்றைப் பெட்டகத்தில் பூட்டாமல் மேடைக்குக் கொண்டுவருகிறார். அதற்காகவே என் மன்னிப்பு உண்டு.

எப்போ கைதட்டணும்? ஃபோன்ல எடுக்கலாமா?

சோலோ முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே தட்டலாம், கூட்டமே காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன அந்தச் சத்தமில்லாத இடத்தில் மட்டும் “யூ...” என்று கத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் கத்துவார், அது நீங்களாக இருக்க வேண்டாம்.

ஃபோன் விதி அரங்கத்தையும் பயணத்தையும் பொறுத்தது, வாசலில் எழுதியிருப்பார்கள். அனுமதித்தாலும் ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள். நீங்கள் எடுக்கும் வீடியோவில் கிட்டார், கொசு ரீங்காரம் மாதிரிதான் பதிவாகும்.

கறுப்பின மக்களோட வலியில பிறந்த பாட்டு. ஒரு வெள்ளைக்காரர் சூட்டு போட்டுக்கிட்டு வாசிச்சு சம்பாதிக்கிறது சரியா?

நண்பரின் மகள் ரயிலில் கேட்டது. ஸ்டேஷன் வரும்வரை எனக்குச் சரியான பதில் வரவில்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்ன அந்த வரலாற்றில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது: பாட்டை உண்டாக்கியவர்களில் பலருக்குச் சேர வேண்டிய காசும் பெயரும் சேரவில்லை, அதைத் திருப்பிப் பாடியவர்கள் பணக்காரர்களானார்கள். ஒருவர் நன்றாக வாசிப்பதால் இந்தக் கணக்கு நேராகிவிடாது.

இன்னொரு பக்கம், பி.பி. கிங் பன்னிரண்டு வயதுப் பையனைத் தன் மேடைக்கு முன்னால் நிறுத்தினார் என்பதும் நடந்ததுதான். போனமாசா 2014-இல் கொலராடோவின் ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் மடி வாட்டர்ஸ், இன்னொரு சிகாகோ ப்ளூஸ் பாடகரான ஹௌலின் வுல்ஃப் பாட்டுகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சி செய்தார். அடுத்த ஆண்டு ஆல்பர்ட் கிங், பி.பி. கிங், ஃப்ரெடி கிங் ஆகிய மூன்று ப்ளூஸ் கலைஞர்களுக்காக ஒரு பயணம். கடனை மறைக்காத ஆள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெண் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பும் வழியில் ஹௌலின் வுல்ஃபைத் தேடிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

“வெறும் வேகம், உணர்ச்சி இல்லை”ன்னு சிலர் சொல்றாங்களே?

பழைய குற்றச்சாட்டு. பாதி உண்மை என்றே நினைக்கிறேன். சில பாட்டுகளில் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தபிறகும் இன்னும் இரண்டு நிமிடம் ஓட்டுவார். பி.பி. கிங்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெரியும். கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ஒரு வரி பாடி நிறுத்துவார், கிட்டார் நாலே சுரத்தில் பதில் சொல்லும். அந்தச் சிக்கனம் இவரிடம் எப்போதும் இருப்பதில்லை.

ஆனால் இதைச் சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் யூட்யூபில் மூன்று நிமிடத் துண்டைப் பார்த்தவர்கள். அந்தத் துண்டில் வேகமான பகுதியைத்தான் வெட்டிப் போடுவார்கள். அதற்கு முன்னால் இருந்த ஏழு நிமிடத் தணிவு அதில் இருக்காது. வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் வேகமாகத்தான் தெரியும்.

ஊர்லேயே இப்படிக் கேட்க வழி இருக்கா? அதுக்குன்னு லண்டன் வர முடியாது.

மும்பை பாந்த்ராவில் மெஹபூப் ஸ்டுடியோவில் மஹிந்திரா ப்ளூஸ் விழா 2011-இல் தொடங்கியது. முதல் ஆண்டே பட்டி கை வந்தார். சிகாகோ ப்ளூஸின் பெரியவர், கூட்டத்துக்குள் இறங்கி நடந்துகொண்டே வாசிக்கிற ஆள். அரங்கம் ஆல்பர்ட் ஹால் மாதிரி பிரம்மாண்டமில்லை, அதனால் கலைஞர் பக்கத்தில் தெரிவார். சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள் பயணம். நடக்கும் ஆண்டைப் பார்த்துக் கிளம்புங்கள்.

போய் வந்துட்டேன். மறுநாள் அதே பாட்டை ஃபோன்ல கேட்டா சப்புனு இருக்கு. என் காதுல கோளாறா?

காது இரையவில்லை என்றால் கோளாறு இல்லை. பதிவில் சத்தமான இடத்தையும் மெல்லிய இடத்தையும் நெருக்கி வைத்திருப்பார்கள், பஸ்ஸிலும் சமையலறையிலும் கேட்க வேண்டுமே. நேரில் அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை நீங்கள் நெஞ்சுக்கூட்டில் வாங்கியிருக்கிறீர்கள். இந்த ஏமாற்றம் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

ஒரு வாரம் போனமாசாவை விட்டுவிட்டு பி.பி. கிங் 1964-இல் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் வாசித்த பதிவைக் கேளுங்கள். பழைய பதிவு, வாசிப்புக்குச் சமமாகக் கூட்டத்தின் கூச்சலும் கேட்கும். அவர் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்தும்போது அரங்கத்தில் ஒரு பெண்மணி கிறீச்சிடுவார். முன்பெல்லாம் அது எனக்கு இடைஞ்சலாக இருந்தது.